கடலுக்கடியில் குழாய் பதிக்கும் கப்பல்கள்: கேட்டவையும் சொன்னவையும்

வணக்கம். சிங்கப்பூரில் பெனாய் பக்கம் ஒரு கப்பல் யார்டில் ஃபிட்டராகச் சேர்ந்தவன் நான். பிறகு குழாய் பதிக்கும் பார்ஜில் ஏறி, குழாயை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் இயக்கினேன். கடைசி எட்டு ஆண்டுகள் ஃபீல்டு இன்ஜினியர். மொத்தம் 21 ஆண்டு கடலில். இப்போது சிங்கப்பூரில் கரையில் வேலை. குழாய் பதிக்கும் கருவிகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். எண்ணெய்க் கிணறு, ரிக், கேபிள் கப்பல் இதெல்லாம் என் துறை இல்லை.

நித்யா, பாலிடெக்னிக் மாணவி: எஃகுக் குழாய் தானாகவே மூழ்கிவிடாதா? அதன்மேல் எதற்குக் காங்கிரீட் பூசுகிறார்கள்?

மூழ்காது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 28 இன்ச் குழாய், வெளி விட்டம் 711 மி.மீ., சுவர் கனம் 15.9 மி.மீ. என்று வையுங்கள். ஒரு மீட்டர் குழாயின் எடை சுமார் 273 கிலோ. அதே ஒரு மீட்டர் ஒதுக்கித் தள்ளும் கடல்நீர் சுமார் 407 கிலோ. பதிக்கும்போது குழாய்க்குள் காற்றுதான் இருக்கும். ஆக, அது மரக்கட்டை மாதிரி மிதக்கும். எரிவாயு ஓடும்போதும் கதை பெரிதாக மாறாது.

அதனால்தான் இரும்புத்தாது கலந்த கனமான காங்கிரீட்டைச் சுற்றிலும் பூசுகிறார்கள். 50 மி.மீ. பூசினால் ஒரு மீட்டருக்கு இன்னொரு 364 கிலோ சேரும். குழாய் பருமனாவதால் ஒதுக்கும் நீரும் 530 கிலோவாகக் கூடும். கழித்துப் பார்த்தால் தண்ணீருக்குள் மிஞ்சும் எடை மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ. இந்த 100 கிலோவை நினைவில் வையுங்கள், அடுத்த பதிலில் இதே குழாய்தான் வரப்போகிறது.

செந்தில், சுவா சூ காங்: அண்ணே, 12 மீட்டர் குழாய்களை ஒவ்வொன்றாக வெல்டு பண்ணிக் கடலில் இறக்குகிறார்கள் என்று படித்தேன். இரும்புக் குழாய் கப்பலிலிருந்து கடல் தரை வரை வளைந்து போகிறதே, ஒடியாதா? டென்ஷனர் என்றால் என்ன?

தம்பி, இந்தத் தொழிலின் உயிரே நீங்கள் கேட்டதில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கப்பலின் நீளத்துக்கு ஒரே வரிசையாக வெல்டிங் ஸ்டேஷன்கள் இருக்கும். முதல் ஸ்டேஷனில் புதுக் குழாயைப் பொருத்தி ரூட், அதாவது முதல் அடுக்கு வெல்டு, போடுவார்கள். அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் அதே ஜாயிண்டை நிரப்பி முடிப்பார்கள். பிறகு அல்ட்ராசானிக் சோதனை, அதன் பிறகு ஜாயிண்டுக்குத் துரு பிடிக்காத பூச்சு. எல்லா ஸ்டேஷனும் முடிந்ததும் கப்பல் ஒரு குழாய் நீளம், அதாவது 12.2 மீட்டர், முன்னால் நகரும். குழாய் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது, கப்பல்தான் அதன் அடியிலிருந்து நழுவிப் போகிறது. ஒரு ஜாயிண்டுக்கு 5 நிமிடம் பிடித்தால் 24 மணி நேரத்தில் மூன்றரை கிலோமீட்டர்.

கப்பலின் பின்புறத்தில் ஸ்டிங்கர் என்று நீளமான வளைந்த சட்டம் தொங்கும், அதில் வரிசையாக ரோலர்கள். குழாய் அதன்மேல் படிந்து கீழ்நோக்கி வளைகிறது. ஸ்டிங்கரை விட்டுக் கிளம்பித் தரையை நெருங்கும்போது எதிர்ப்பக்கமாக வளைந்து படுக்கிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து எஸ் மாதிரி இருப்பதால் எஸ்-லே என்று பெயர். மேல் வளைவு ஸ்டிங்கரின் பொறுப்பு. கீழ் வளைவைத் தாங்க அங்கே எந்தச் சட்டமும் கிடையாது. அதை டென்ஷனர் ஒன்றுதான் காக்கிறது.

டென்ஷனர் என்பது மேலும் கீழுமாக இரண்டு பட்டைச் சங்கிலிகள், புல்டோசர் சங்கிலி மாதிரி, ரப்பர் பேடுகளோடு. அவை குழாயை அமுக்கிப் பிடித்துப் பின்பக்கம் ஓடிவிடாமல் இழுத்துவைத்திருக்கும். அலையில் கப்பல் முன்னும் பின்னும் ஆடினால் டென்ஷனர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். இழுவை மட்டும் மாறக்கூடாது.

நித்யாவின் குழாயையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் ஆழம் 100 மீட்டர். தரையைத் தொடும் இடத்தில் இழுவை 30 டன் என்றால், அங்கே வளைவின் ஆரம் 30 டன்னை மீட்டருக்கு 100 கிலோவால் வகுத்தால் வருவது, 300 மீட்டர். அப்படி வளையும்போது குழாயின் வெளிப்பக்கம் சுமார் 0.12 சதவீதம் நீள்கிறது. எக்ஸ்-65 என்ற தரக் குழாய் எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்குவது 0.22 சதவீதத்துக்குப் பக்கத்தில். பாதுகாப்பாக இருக்கிறோம். தொங்கும் எடைக்காக இன்னும் 10 டன் சேர்த்து டென்ஷனரில் 40 டன் காட்டும்.

இப்போது டென்ஷனர் வழுக்கி 40 டன் 20 டன் ஆகிறது என்று நினையுங்கள். கீழே இழுவை 10 டன்தான். ஆரம் 100 மீட்டர். நீட்சி 0.36 சதவீதம். எஃகின் எல்லையைத் தாண்டியாயிற்று, குழாய் மடங்கிவிடலாம். இதைத்தான் பக்கிள் என்கிறோம். நிஜத்தில் குழாயின் சொந்த விறைப்பையும் சேர்த்துக் கணினியில் போடுவோம், எண்கள் சற்று மாறும். ஆனால் இந்தக் கைக்கணக்கு புரிந்தவன் டென்ஷனர் அறையில் தூங்கமாட்டான்.

டென்ஷன் குழாயின் எடையைத் தூக்கத்தான் என்று புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். எடைக்கு வேண்டியது இங்கே 10 டன்தான். மீதி 30 டன்னும் வளைவைக் காப்பாற்றுவதற்கு.

பாண்டி, துவாஸ்: என்னிடம் 6ஜி வெல்டிங் சான்றிதழ் இருக்கிறது. இந்தக் கப்பல்களில் வேலை கிடைக்குமா?

6ஜி என்பது குழாயை 45 டிகிரி சாய்த்து வைத்துக் கொடுக்கிற சோதனை. எஸ்-லே கப்பலில் குழாய் படுத்திருக்கும், ஆகவே அந்த நிலைக்கு 5ஜி என்று பெயர். குழாய் நட்டுக்க நிற்கும் ஜே-லே கப்பலில் 2ஜி. பெரிய கப்பல்களில் பெரும்பாலும் தானியங்கி எந்திரங்கள் குழாயைச் சுற்றி ஓடி வெல்டு பண்ணுகின்றன. அதை இயக்கிய அனுபவம் இருந்தால் கதவு திறக்கும். போசியட் எனும் கடல் பாதுகாப்பு அடிப்படைப் பயிற்சியும் கடல் வேலைக்கான மருத்துவச் சான்றும் கட்டாயம்.

ஏஜெண்டு விஷயத்தில் எச்சரிக்கை. சிங்கப்பூர்ச் சட்டப்படி ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடியது ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் அதிகபட்சம் இரண்டு மாதம். "ஆஃப்ஷோர் வேலை, அதனால் தனி ரேட்" என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மீனாட்சி, பொங்கோல்: நம் சிங்கப்பூருக்கு இப்படிக் குழாய் வருகிறதா?

வருகிறது அக்கா. இங்கே மின்சாரத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் இயற்கை எரிவாயுவில்தான் தயாராகிறது. இந்தோனேசியாவின் மேற்கு நத்துனா கடலிலிருந்து 28 இன்ச் குழாய் ஒன்று 600 கிலோமீட்டருக்கு மேல் கடலடியிலேயே வந்து ஜூரோங் தீவில் ஏறுகிறது. 2001 ஜனவரியில் அதில் எரிவாயு வரத் தொடங்கியது. தெற்கு சுமத்ராவிலிருந்து பாத்தாம் வழியாக வரும் குழாய் 2003-ல் வந்தது. மலேசியாவிலிருந்தும் உண்டு. 2013-லிருந்து திரவ எரிவாயுவும் கப்பலில் வந்து இறங்குகிறது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் உட்கார்ந்து கப்பல்களை எண்ணும் பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள், வீட்டு விளக்கு எரிவதற்கு இன்னொரு பாதை தண்ணீருக்கு அடியில் இருக்கிறது என்று.

ரவி: அண்ணா, ஹெல்ப்பர் வேலைக்கு எவ்வளவு சம்பளம்? ஏஜெண்டு 8000 வெள்ளி கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். பாண்டிக்குச் சொன்னதைப் படியுங்கள். மனிதவள அமைச்சில் புகார் செய்யலாம்.

ஹமீது, கப்பல் அதிகாரி: சிங்கப்பூர் நீரிணையில் இவ்வளவு கப்பல்கள் நங்கூரம் போடுகின்றன. குழாய்க்கு ஆபத்து இல்லையா?

இருக்கிறது. குழாய்ப் பாதை கடல் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும், அங்கே நங்கூரம் போடக்கூடாது. கப்பல் நெரிசலான இடங்களில் குழாயைப் பள்ளத்தில் புதைத்து மேலே கற்களைப் போட்டு மூடுவார்கள். காங்கிரீட் பூச்சு ஓரளவு அடி தாங்கும், ஆனால் இழுபடும் பெரிய நங்கூரத்துக்கு அது ஈடு கிடையாது. 2023 அக்டோபரில் ஃபின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையிலுள்ள எரிவாயுக் குழாயை ஒரு சரக்குக் கப்பலின் நங்கூரம் இழுத்து உடைத்தது. சரிசெய்து மறுபடி எரிவாயு ஓட 2024 ஏப்ரல் ஆகிவிட்டது. உங்களைப் போன்ற அதிகாரிகள் நங்கூரம் இறக்குமுன் ஒரு முறை வரைபடத்தைப் பார்த்தால் போதும்.

ஜெயக்குமார், பெனாயில் 30 வருட ஃபிட்டர்: குழாயை ராட்டினத்தில் நூல் மாதிரி சுற்றிக்கொண்டு போய்க் கடலில் அவிழ்த்துவிடும் கப்பல் இருக்கிறதாமே. எஃகை வளைத்து, மறுபடி நிமிர்த்தினால் அது செத்த எஃகு. நான் என் யார்டில் வளைந்த குழாயைத் தட்டி நிமிர்த்தப் பார்த்தால் திட்டுவேன். இதை எப்படி அனுமதிக்கிறார்கள்?

அண்ணே, ரீல்-லே என்று பெயர். புதிய யோசனையும் இல்லை. 1944-ல் பிரிட்டிஷ்காரர்கள் 3 இன்ச் எஃகுக் குழாயைப் பெரிய மிதக்கும் உருளைகளில் சுற்றி, கடலில் இழுத்துப் போய், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் பதித்தார்கள். போருக்கு எரிபொருள் அனுப்புவதற்காக.

இன்று கரையிலேயே கிலோமீட்டர் கணக்கில் வெல்டு செய்து, சோதித்து, கப்பலின் ரீலில் சுற்றுகிறார்கள். கடலில் அவிழ்க்கும்போது நிமிர்த்தும் கருவி வழியாகப் போகும். வெல்டிங் கரையில் முடிந்துவிடுவதால் கடலில் வேகம் மிக அதிகம். காங்கிரீட் பூசிய குழாயை இப்படிச் சுற்ற முடியாது. 16 இன்ச், மிஞ்சினால் 18 இன்ச் வரைதான்.

ஜெயக்குமார்: வேகத்தைப் பற்றி நான் கேட்கவில்லை தம்பி. வளைப்பது எஃகின் எல்லையைத் தாண்டுகிறதா, இல்லையா?

தாண்டுகிறது. நன்றாகவே தாண்டுகிறது. 12 இன்ச் குழாய், வெளி விட்டம் 324 மி.மீ. ரீலின் நடு உருளை 16 மீட்டர் விட்டம் என்றால் நீட்சி 2 சதவீதம். செந்திலுக்குச் சொன்ன எல்லையைப் போல ஏறக்குறைய 9 மடங்கு. அங்கே அதைத் தொடவே கூடாது என்றேன், இங்கே தெரிந்தே தாண்டுகிறோம்.

கார்த்திக், இன்ஜினியரிங் மாணவர்: பேப்பர் கிளிப்பை நாலு முறை வளைத்தால் ஒடிந்துவிடுகிறதே, அதே கதைதானே?

ஜெயக்குமார்: பையன் சரியாகச் சொல்கிறான் பாருங்கள்.

இல்லை அண்ணே, அளவு வேறு. 1 மி.மீ. கம்பியை 1 மி.மீ. ஆரத்தில் மடித்தால் வெளிப்பக்கம் 33 சதவீதம் நீள்கிறது. ரீலில் 2 சதவீதம். குழாய் எஃகை இழுத்து அறுத்துப் பார்த்தால் 20 சதவீதம் போல நீண்ட பிறகுதான் அறும். ரீலில் சுற்றும்போது ஒரு வளைவு, அவிழும்போது நேராவது, வழிகாட்டிச் சக்கரத்தின்மேல் ஒரு வளைவு, நிமிர்த்தியில் மறுபடி நேர். மொத்தம் இரண்டு சுற்று. அதற்குமேல் விடமாட்டோம். எத்தனை முறை சுற்றி அவிழ்த்தோம் என்பதும் கணக்கில் ஏறும்.

ஜெயக்குமார்: எஃகு தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். வெல்டு தாங்குமா? நான் 30 வருடமாகப் பார்த்த விரிசல் எல்லாம் வெல்டின் ஓரத்தில்தான்.

இப்போது சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். இதில் உங்கள் பக்கம்தான் நியாயம். ரீல் குழாயில் பயப்பட வேண்டியது வெல்டுக்குத்தான். வெல்டு உலோகம் குழாயைவிட வலுவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நீட்சி முழுவதும் அந்த மெல்லிய இடத்தில் போய்க் குவியும். அதனால் மாதிரி வெல்டுகளை முன்கூட்டியே அதே அளவுக்கு வளைத்து, நிமிர்த்தி, பிறகு விரிசல் எவ்வளவு வளர்கிறது என்று சோதித்து, அதன்படி அனுமதிக்கக்கூடிய குறையின் அளவை நிர்ணயிப்பார்கள். சாதாரண எஸ்-லே வெல்டில் விட்டுவிடும் குறை இங்கே வெட்டி எறியப்படும்.

இன்னொன்று, யார்டில் இருப்பவர்களுக்கு உடனே புரியும். அடுத்தடுத்த இரண்டு குழாய்களில் ஒன்று கொஞ்சம் வலு கூடியதாகவோ சுவர் தடித்ததாகவோ இருந்தால், ரீலில் ஏறும்போது வலு குறைந்தது அந்த ஜாயிண்டுக்குப் பக்கத்தில் சட்டென்று மடங்கும். ஆகவே ஆலையிலிருந்து வரும் குழாய்களை அளந்து, ஜோடி பார்த்து அடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்கிறவர் ஃபிட்டர்தான்.

ஜெயக்குமார்: அப்படியென்றால் சுவர் கனமும் அதிகமாக வேண்டும்.

ஆமாம் அண்ணே. மெல்லிய சுவர் வளையும்போது நீள்வட்டமாக நசுங்கும். அதைத் தவிர்க்கவே கனம் கூட்டுகிறார்கள், அந்த எஃகுக்கும் காசுதான். தூரம் குறைவாக, குழாய் சிறியதாக இருந்தால் ரீல் லாபம். நத்துனா குழாய் மாதிரி பெரியது என்றால் எஸ்-லேதான்.

கார்த்திக்: எஸ்-லே, ஜே-லே, எது சிறந்தது?

ஆழம் பார்த்துச் சொல்ல வேண்டும். ஜே-லேயில் கோபுரத்தில் குழாயை நிமிர்த்திவைத்து நேராகக் கீழே இறக்குவார்கள், மேல் வளைவே கிடையாது. ஆனால் வெல்டு பண்ண ஒரே ஸ்டேஷன்தான், அதனால் மெதுவாகப் போகும். அதை ஈடுகட்ட நான்கு குழாய்களை முன்பே சேர்த்து 48 மீட்டராக்கிக் கோபுரத்தில் ஏற்றுவார்கள். கருங்கடலில் 2150 மீட்டர் ஆழத்தில் புளூ ஸ்ட்ரீம் குழாயை சைபெம் 7000 கப்பல் ஜே-லேயில்தான் பதித்தது. ஆனால் அதே கருங்கடலில் 2 கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில், 32 இன்ச் துருக்ஸ்ட்ரீம் குழாயை 2017, 2018-ல் பயனியரிங் ஸ்பிரிட் எஸ்-லேயில் பதித்துவிட்டது. 382 மீட்டர் நீளக் கப்பல், டென்ஷனர்கள் 2000 டன் பிடிக்கும். அவ்வளவு இழுவை இருந்தால் ஆழத்துக்கும் எஸ்-லே போதும். இரண்டையும் செய்யும் செவன் போரியாலிஸ் நம் செம்பவாங் யார்டில் முடிந்து 2012-ல் போன கப்பல். அதில் வேலை பார்த்த தமிழ்க் கைகள் இந்த ஊரில் நிறைய.

முருகேசன்: ஐயா, எனக்கு ஒரு ஆஃப்ஷோர் வேலை...

பாண்டிக்கும் ரவிக்கும் சொன்ன பதில்தான். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள், வேலைக் கேள்விக்கு இனி பதில் எழுதமாட்டேன்.

டேனியல், முக்குளிப்பாளர்: குழாய் முனைகளில் வேலை பார்க்கும் முக்குளிப்பாளர்களுக்கு என்ன ஆலோசனை?

முக்குளிப்பு நிபுணர்களிடம் கேளுங்கள், நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவாக இல்லை என்று உறுதி செய்யாமல் அதன் வாயை நெருங்காதீர்கள். 2022 பிப்ரவரியில் டிரினிடாடில் 30 இன்ச் குழாய் ஐந்து பேரை உள்ளே உறிஞ்சியது. ஒருவர்தான் உயிரோடு வெளியே வந்தார்.

சுதா: என் கணவர் இப்போதுதான் பார்ஜ் வேலைக்குப் போயிருக்கிறார். டெக்கில் எது மிக ஆபத்தான இடம்?

இழுவையில் இருக்கும் வயருக்கு நேரே நிற்பது. பார்ஜைச் சுற்றி எட்டு, பத்து, பன்னிரண்டு ஆங்கர்கள் போட்டிருப்பார்கள். அந்த வயர்களை வின்ச் இழுத்து, விட்டுத்தான் பார்ஜ் நகரும். என் மூன்றாம் ஆண்டில் இரவு ஷிஃப்டில் ஒரு ஆங்கர் வயர் அறுந்தது. சத்தம் கேட்பதற்கு முன்பே வயர் டெக்கைக் கடந்து போயிருந்தது. என் அறைத்தோழன் காலை இழந்தான். ஐந்து நிமிடம் முன்பு அதே இடத்தில் நான் நின்றிருந்தேன். அன்றைக்கு அங்கே தடுப்புக் கயிறும் இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை. இன்று எல்லாப் பார்ஜிலும் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள், ஆனால் தேநீர் எடுக்கக் குறுக்குவழி என்று அதைத் தாண்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். வின்ச் ஓடும்போது கோட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள் சகோதரி. ஃபோன் பேசும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

செந்தில்: அண்ணே, கடைசியாக ஒன்று. பாதி பதிக்கும்போது புயல் வந்தால் குழாயை என்ன செய்வார்கள்?

கீழே படுக்கவைத்துவிட்டுப் போவார்கள். குழாயின் முனையில் ஒரு மூடியை வெல்டு செய்து, அதன் கொக்கியில் ஏ அண்ட் ஆர் (குழாயை விட்டுவிட்டு மறுபடி எடுக்க உதவும்) வின்ச்சின் தடித்த வயரை மாட்டுவார்கள். டென்ஷனர் பிடித்திருந்த இழுவையை மெல்ல மெல்ல அந்த வயருக்கு மாற்ற வேண்டும். எனக்கு இதயம் அடித்துக்கொள்ளும் நேரம் அதுதான். இரண்டில் ஒன்று எப்போதும் முழு 40 டன்னையும் பிடித்திருக்க வேண்டும், நடுவில் ஒரு நொடி கூட இரண்டும் தளரக்கூடாது. பிறகு கப்பல் முன்னால் நகர நகர, வயரை விட்டுக்கொண்டே, முனையைத் தரையில் படுக்கவைத்து, மிதவை கட்டிவிடுவார்கள். கடல் அடங்கியதும் அதே வயரில் இழுத்து மேலே ஏற்றி, மூடியை வெட்டி, விட்ட இடத்திலிருந்து வெல்டிங் தொடங்கும்.

பக்கிளாகி விரிசலில் தண்ணீர் புகுந்துவிட்டால் கதை வேறு. நித்யாவின் குழாய்க்குள் தண்ணீர் நிறைந்தால் மீட்டருக்கு இன்னும் 370 கிலோ போல ஏறும். 100 கிலோ இருந்தது 470 ஆகும், டென்ஷனர் பிடிக்காது. அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான் குழாய்க்குள் ஒரு வட்டத் தகடு பொருத்திய வண்டியை வயரில் கட்டி, தரையைத் தொடும் இடத்துக்கும் பின்னால் இழுத்துக்கொண்டே வருவோம். எங்காவது குழாய் நசுங்கியிருந்தால் தகடு சிக்கும், வயரின் இழுவை ஏறும், டென்ஷனர் அறையில் மணி அடிக்கும்.

ஜெயக்குமார்: தம்பி, அந்த வண்டி ரீல் கப்பலிலும் உண்டா?

கிடையாது அண்ணே. கிலோமீட்டர் கணக்கில் சுற்றிய குழாய்க்குள் வயரைக் கொண்டுபோக முடியாது. பதித்து முடித்த பிறகு தண்ணீரால் தள்ளி ஒரு அளவுத் தகட்டை முனைக்கு முனை அனுப்பி, அது சிதையாமல் வெளியே வருகிறதா என்று பார்ப்பார்கள்.